ஒரு ஆட்டம் போதாது: பேஸ்பால் சீசனை நண்பர்களாகப் பங்கு போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலர் பேஸ்பால் பார்க்கப் போவது ஆண்டுக்கு ஒரு தடவை. அலுவலகக் கூட்டத்தோடு போவார்கள், இல்லையென்றால் ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், மூன்றாவது இன்னிங்ஸில் கை போனுக்குப் போய்விடும். ஏழாவதில் பார்க்கிங் நெரிசலை நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். "கிரிக்கெட் மாதிரி வராது, ஒன்றுமே நடக்கவில்லை" என்று முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீகில் (எம்எல்பி) 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனில் 162 ஆட்டங்கள், அதில் 81 சொந்த மைதானத்தில். நூறு ஆட்டம் ஜெயித்தால் பிரமாதமான சீசன் என்பார்கள். அந்த அணியும் 62 ஆட்டம் தோற்றிருக்கும். 2024ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது, 1900க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை. அந்த அணியே 41 ஆட்டம் ஜெயித்திருக்கிறது. ஆக, ஒரு நாள் போய்ப் பார்ப்பவருக்கு கண்ணெதிரே ஆடுவது நல்ல அணியா என்பதுகூடப் பிடிபடாது. ஏப்ரலில் வெளியே விலகும் பந்துக்கெல்லாம் மட்டையை வீசி அவுட்டான இளம் பேட்டர் ஆகஸ்டில் அதே பந்தை அசையாமல் விட்டுவிடுவதைப் பார்க்கும்போதுதான் இந்த விளையாட்டு திறக்கும். அதற்கு சீசன் முழுக்கப் போகவேண்டும். தனியாகப் போனால் காசும் கட்டாது, ஆர்வமும் ஜூனோடு வற்றிவிடும். நண்பர்களாகச் சேர்ந்து டிக்கெட் வாங்குவதுதான் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

எத்தனை பேர், எத்தனை இருக்கை? முதல் வருடக் குழுவுக்கு என் பரிந்துரை: ஐந்து பேர், நான்கு இருக்கை, 20 ஆட்டத் திட்டம். முழு சீசன் வேண்டாம். பெரும்பாலான அணிகள் 20 ஆட்டங்களையொட்டி ஒரு பகுதித் திட்டம் விற்கின்றன. நான்கு இருக்கை என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐவரில் ஒருவர் வெளியே நிற்கவேண்டும். அதனால் யார் எந்த ஆட்டத்துக்குப் போவது என்று அடித்துக்கொள்ளாமல், யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பிரித்துவிடுங்கள். 20 ஆட்டம், ஐந்து பேர், ஆளுக்கு நான்கு விடுப்பு. எல்லாரும் ஆசைப்படும் ஐந்து ஆட்டங்களை முதலில் தனியாக எடுத்துவையுங்கள்: தொடக்க நாள், யாங்கீஸ் வரும் சனிக்கிழமை, வாணவேடிக்கை இரவு, பாபிள்ஹெட் (தலையாட்டி) பொம்மை கொடுக்கும் நாள், இப்படி. இந்த ஐந்தில் ஆளுக்கு ஒன்றை விடவேண்டும், அதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். மீதி 15ல் ஆளுக்கு மூன்று. இங்கே பிரச்சினையே வராது, ஏனென்றால் ஊருக்குப் போகும் தேதி, பிள்ளைகளின் தேர்வு, ஆன்கால் வாரம் என்று விட்டுக்கொடுக்கவேண்டிய தேதிகள் எல்லாருக்கும் இருக்கின்றன.

முழு சீசன்தான் வேண்டும், இரண்டு இருக்கை, எட்டுக் குடும்பங்கள் என்றால் கணக்கு வேறு. 81ஐ எட்டால் வகுத்தால் ஆளுக்கு 10, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை விற்றுப் பொதுப் பணத்தில் போட்டுவிடுங்கள். மீதிக்கு ஸ்நேக் டிராஃப்ட்: முதல் சுற்றில் 1 முதல் 8 வரை வரிசையாக ஆளுக்கு ஒரு ஆட்டம், அடுத்த சுற்றில் 8ல் தொடங்கி 1 வரை, இப்படியே பத்துச் சுற்று. விளம்பரப் பரிசு நாட்களின் பட்டியலும் ஆட்டம் தொடங்கும் நேரங்களும் வெளியான பிறகு, மார்ச்சுக்குள் வீடியோ காலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் ஆறப்போட்டால் மூன்றாவது சுற்றிலேயே ஒருவர் பதில் போடாமல் எல்லாரையும் காக்க வைப்பார்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தில்தான். மொத்தத் தொகையைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது நியாயம்போலத் தெரியும், ஆனால் நியாயமில்லை. அணி அனுப்பும் பில்லைப் பாருங்கள், பல அணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு விலை போட்டிருப்பார்கள். ஏப்ரல் செவ்வாய்க்கிழமை டிக்கெட் 18 டாலர், ஜூலை சனிக்கிழமை 52 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் கடைசிச் சுற்றுகளில் ஏப்ரல் குளிர் கிடைத்தவர் ஜூலைக்காரருக்காகப் பணம் கட்டுகிறார். யாருக்கு எந்த ஆட்டமோ அவருக்கு அந்த விலை. டிராஃப்டுக்கு முன்பே எல்லாரும் முன்பணம் கட்டிவிடவேண்டும். "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்பவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அந்த வருடம் குழுவில் வேண்டாம்.

கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். டிராஃப்ட் முடிந்த வாரத்திலேயே எம்எல்பி பால்பார்க் செயலி வழியாக எல்லா டிக்கெட்டையும் உரியவருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றினால் போதாது, வாங்குபவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஏற்காத டிக்கெட் அனுப்பியவர் கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்கும், அவர் அன்றைக்கு விமானத்தில் இருப்பார், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் இணையமும் தவழும். டிக்கெட்டை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள்.

வரமுடியாமல் போனால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மூன்று நாள் முன்பு வரை குழுவுக்குள் வாங்கிய விலைக்கே தரவேண்டும். அதற்குப் பிறகு ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்கள் எதில் வேண்டுமானாலும் விற்கலாம், லாபமோ நட்டமோ அவருடையது. வாரநாள் ஆட்டங்களின் மறுவிற்பனை விலை பந்து போடும் நேரம் நெருங்க நெருங்கச் சரியும், அதனால் கடைசி மணி நேரத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று எண்ணவேண்டாம். பெரும்பகுதி டிக்கெட்டை விற்றுத் தீர்ப்பவர்களுக்கு அடுத்த வருடம் புதுப்பிக்க மறுக்கும் அணிகளும் உண்டு.

மழைக்கும் ஒரு விதி வேண்டும். ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் அது முழு ஆட்டமாகக் கணக்காகும், சொந்த அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும் (அரை இன்னிங்ஸ் என்பது ஒரு அணி ஒரு தடவை பேட் செய்வது). அதற்குப் பிறகு மழை கொட்டினாலும் டிக்கெட்டுக்கு மாற்று கிடைக்காது. அதற்கு முன்பே கைவிட்டால் வேறு தேதியில் ஆடுவார்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், தனித்தனி அனுமதி என்றால் பழைய டிக்கெட் அப்படியே செல்லும். ஒரே அனுமதியில் இரண்டு ஆட்டம் என்றால் சிக்கல், அன்றைய டிக்கெட் வைத்திருப்பவர்தான் இரண்டையும் பார்ப்பார். மழையில் இழந்தவருக்கு அணி தரும் மாற்று டிக்கெட் அவருக்கே சேரும் என்று எழுதிவிட்டால் வாக்குவாதம் இல்லை. மில்வாக்கி, சியாட்டில், ஹூஸ்டன், ஆர்லிங்டன், ஃபீனிக்ஸ், மயாமி, டொரோண்டோ மைதானங்களுக்கு மூடித் திறக்கும் கூரை உண்டு, அங்கே இருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி இருக்கை. முதலில் வாங்குபவர்கள் மைதானத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். சீசன் முழுக்க உட்காரப் போகும் இடத்துக்கு அது தப்பான அளவுகோல். முதல் பேஸ், மூன்றாம் பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொடவேண்டிய இடங்கள்) ஓரத்தில் தாழ்ந்த வரிசையில் உட்கார்ந்தால் பந்தின் வேகம் தெரியும், பந்து பேட்டருக்கு உள்ளே வந்ததா வெளியே போனதா என்பது தெரியாது. பேட்டர் நின்று ஆடும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், மேல் தளத்தின் முதல் சில வரிசைகள்தான் என் தேர்வு. பந்து வளைவது, ஃபீல்டர்கள் நிற்கும் இடம், ஓடுபவர் பேஸை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது எல்லாம் ஒரே பார்வையில் விழும். விலையும் கீழ்த்தளத்தில் பாதிகூட இருக்காது.

வெயிலையும் பாருங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது விரும்பத்தக்கது என்று விதிப்புத்தகம் சொல்கிறது, பேட்டரின் கண்ணில் மாலை வெயில் படக்கூடாது என்பதற்காக. அப்படிக் கட்டிய மைதானத்தில் மாலை நிழல் மூன்றாம் பேஸ் பக்கம் முதலில் விழும், வலது ஃபீல்டில் உட்கார்ந்தவர் அஸ்தமனம் வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கவேண்டும். எல்லா மைதானமும் இந்தத் திசையில் இல்லை, வரைபடத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு வலைக்குப் பின்னால்தான் உட்காரவேண்டும். மணிக்கு 100 மைலுக்கு மேல் வேகத்தில் ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளியே அடிபட்டுப் போவது) வரும், போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விலக நேரமே கிடைக்காது.

எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பந்தை மட்டும் பார்க்காதீர்கள். முதல் பேஸில் ஓட்டக்காரர் நிற்கும்போது ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) இரண்டாம் பேஸ்காரரும் கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஓட்டக்காரர் அடுத்த பேஸைத் திருட, அதாவது பந்து அடிபடாமலே அங்கே போய்ச் சேர, ஓடினால் பேஸுக்கு யார் போவது என்று வாயைத் திறந்தோ மூடியோ சைகை செய்கிறார்கள். வேகமாக ஓடும் பேட்டர் வந்தால் மூன்றாம் பேஸ்காரர் பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) வரும் என்று முன்னால் வந்து நிற்பார். இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் பேட்டர் அவுட்) ஆனதும் பின்னால் போய்விடுவார், ஏனென்றால் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பன்ட் ஃபவுலானால் பேட்டர் அவுட். இந்த முன்பின் நடையை ஒரு இரவு முழுக்கக் கவனித்தால் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்ல வாய் வராது.

ஸ்கோர் புத்தகம் ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டு இன்னிங்ஸுக்கு ஒருவராக எழுதுங்கள். ஆள் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்: பிட்சர் (பந்து போடுபவர்) 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது ஃபீல்ட் 7, நடு ஃபீல்ட் 8, வலது ஃபீல்ட் 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போன இரட்டை அவுட் என்றால் 6-4-3. செப்டம்பரில் ஏப்ரல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடிவது சீசன் குழுவுக்கு மட்டுமே கிடைக்கும் வசதி.

2023ல் பிட்ச் கடிகாரம் (பந்து போட நேரக்கெடு) வந்த பிறகு நிதானமாக எழுந்து போய்வரும் காலம் போயிற்று. 2022ல் சராசரி ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது, 2023ல் சுமார் 2 மணி 40 நிமிடம். அரை இன்னிங்ஸ் என்பது இடைவெளியோடு சேர்த்து ஒன்பது நிமிடம்போல. சாப்பாட்டு வரிசைக்குப் போய்வந்தால் ஒன்று முழுசாகப் போய்விடும். பல மைதானங்கள் வெளிச்சாப்பாட்டையும் திறக்காத தண்ணீர் பாட்டிலையும் அனுமதிக்கின்றன, விதி மைதானத்துக்கு மைதானம் மாறும், பை அளவும் அப்படித்தான். பேட்டர் ஆடி முடிக்கும் வரை படியிலேயே நின்றுவிட்டு இருக்கைக்குத் திரும்புங்கள், பின்வரிசைக்காரருக்கு அந்த மரியாதை தரவேண்டும்.

எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயர்களைத் துரத்தாமல் மே மாதத்து வாரநாள் ஆட்டங்களை அள்ளிக்கொள்ளுங்கள் என்பேன். 30 அணிகளும் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீகாகவும், லீகுக்கு மூன்று பிரிவாகவும் இருக்கின்றன. சொந்தப் பிரிவு அணிகள் நான்கும் தலா ஆறோ ஏழோ ஆட்டம் நம் மைதானத்தில் ஆடும், அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் பகையும் ருசியும் வளரும். எதிர் லீக் அணிகள் வேறு ரகம். 2023 முதல் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடுகிறது, ஆனால் எதிர் லீக் அணிகளில் பெரும்பாலானவை நம் மைதானத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அமெரிக்கன் லீக் ஊரில் இருப்பவர்கள் ஜப்பானிய நட்சத்திரம் ஓதானியைப் பார்க்க ஆசைப்பட்டால், அவர் ஆடும் நேஷனல் லீக் அணியான டாட்ஜர்ஸ் வரும் வருடமா என்று முதலில் பாருங்கள். குறிப்பிட்ட பிட்சரைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு டிராஃப்ட் உதவாது. ஐந்தாறு நாளுக்கு ஒருவர் என்ற சுழற்சி காயத்தாலும் மழையாலும் மாறிக்கொண்டே இருக்கும். யார் போடுவார் என்பது சில நாள் முன்புதான் தெரியும், அப்போது குழுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கும் முன்னுரிமை பல திட்டங்களில் கணக்கு வைத்திருப்பவருக்கு வரும், இதைப் பற்றி மார்ச்சிலேயே பேசாத குழு அக்டோபரில் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளும். முதல் சுற்று ஆடாமல் தாண்டும் அணிக்கு அதிகபட்சம் 11 சொந்த மைதான ஆட்டம்: பிரிவுத் தொடரில் 3, லீக் தொடரில் 4, இறுதியான உலகத் தொடரில் 4. எது நடக்கும், எது நடக்காது என்று தெரியாததால் ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாகக் குலுக்குங்கள், முந்தைய தொடரில் கடைசியாக வந்தவர் அடுத்ததில் முதல் ஆள். பணத்தை அணி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். ஆடாத ஆட்டத்தின் தொகையைச் சில அணிகள் திருப்பித் தரும், சில அணிகள் அடுத்த வருடக் கணக்கில் வரவு வைத்துவிடும். அடுத்த வருடம் தொடராத நண்பரின் பணமும் அந்த வரவுக்குள்தான் இருக்கும். புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே மற்றவர்கள் கையிலிருந்து போட்டு அவர் கணக்கைத் தீர்த்துவிடவேண்டும்.