பாஸ் மார்க் கணக்கை முதல் வாரமே சொல்லித் தொலைத்தால் என்ன?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போதெல்லாம் பொறியியல் கல்லூரிகளில் இதே கூத்துதான். பேருக்கு நேரே 'யு' என்று விழுந்திருக்கும். அது என்ன கிரேடு என்றுகூடத் தெரியாமல் பையன் சீனியரிடம் ஓடுவான். "அரியர்டா" என்பார்கள். மறுநாள் அப்பாவை வரவழைத்து, "உங்க பையன் இன்னும் காலேஜ் லைஃபுக்கு செட் ஆகலை சார்" என்று கல்லூரி கையை உதறிவிடும். வயிறு எரிகிறது. எத்தனை மார்க் வாங்கினால் பாஸ் என்பதையே அந்தப் பிள்ளைக்கு உட்காரவைத்துச் சொல்லாதவர்கள், அவன் செட் ஆகவில்லை என்று பேச என்ன உரிமை?

பொறியியல் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., புது மாணவர்களுக்கு மூன்று வார இண்டக்‌ஷன் (அறிமுக வகுப்புகள்) வைத்திருக்கிறது. பல கல்லூரிகளில் அது சேர்மன் உரை, பிளேஸ்மென்ட் பெருமை, மோட்டிவேஷன் பேச்சாளர் என்று கரைந்துபோகிறது. அதில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடக்கூடாதா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ரெகுலேஷன்படி (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) தியரி பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. செமஸ்டர் பேப்பரை 100க்கு எழுதுவீர்கள், அதை 60க்குச் சுருக்குவார்கள். பேப்பரில் குறைந்தது 45 வேண்டும், இரண்டும் கூட்டி 50 வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அரியர்தான். இன்டர்னலில் 38 வைத்திருப்பவன் பேப்பரில் 44 எடுத்தால் போச்சு. இன்டர்னல் 23 இருந்தால் பேப்பரில் 45 போதும். இன்டர்னல் 23க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு மார்க்குக்கும் பேப்பரில் ஒன்றரைக்கு மேல் கூடுதலாக வாங்கியாக வேண்டும். இன்டர்னலில் 15 என்றால் பேப்பரில் 59! "முதல் இன்டர்னல்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிள்ளைகள் விடுவது இது தெரியாததால்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ வேறு ரெகுலேஷன் என்றாலோ எண்கள் மாறலாம். எந்த ரெகுலேஷன் என்று அலுவலகத்தில் கேட்டு, அந்த பிடிஎஃபை வாங்கி பாஸ் மார்க் பகுதியை நீங்களே படித்துவிடுங்கள்.

அடுத்த கொடுமை கணக்கு. பிளஸ் டூ கணிதத் தாளில் ஒரு மார்க் கேள்வி மட்டும் 20, பெரிய கேள்விக்கே 5 மார்க். அதில் பழகிய கையிடம் இங்கே 16 மார்க் கணக்கு ஐந்தைக் கொடுக்கிறார்கள். நீளமான விடையை எப்படி எழுதுவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2021 ரெகுலேஷனின் முதல் செமஸ்டர் கணிதப் பாடமான எம்-ஒன்னின் முதல் யூனிட்டில் குவாட்ரடிக் ஃபார்மை (x², xy போன்ற இருபடி உறுப்புகள் மட்டும் உள்ள கோவை) கனானிக்கல் ஃபார்முக்கு (xy போன்ற உறுப்புகள் இல்லாத வடிவம்) மாற்றும் கணக்கைப் பாருங்கள். அந்தக் கோவைக்கான அணியின் ஐகன் வேல்யூ (ஐகன் மதிப்பு) ஒன்று தப்பினால் அதற்குக் கீழே எழுதிய மூன்று பக்கமும் வீண். அந்தத் தப்பைப் பிடிக்க அரை நிமிடம் போதும்: ஐகன் வேல்யூக்களின் கூட்டல் அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும், பெருக்கல் டிட்டர்மினன்ட்டுக்குச் சமமாக வர வேண்டும். அடுத்து ஐகன் வெக்டர்களை இரண்டிரண்டாகப் புள்ளிப் பெருக்கல் செய்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நின்று திருத்துங்கள், மேலே போகாதீர்கள். இதை வகுப்பில் அழுத்திச் சொல்லாமல் போர்டில் விடையை மட்டும் ஓட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது!

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளின் நிலைதான் ரத்தம் கொதிக்க வைக்கிறது. அணித்தரமும் நேர்மாறு அணியும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் வகுப்பில் 'ரேங்க்', 'இன்வர்ஸ்' என்று ஓடும்போது, புதிதாக என்னமோ நடக்கிறது என்று மிரண்டு உட்கார்ந்திருப்பார்கள். "பேஸிக்கே இல்ல" என்ற பட்டமும் ஒட்டிவிடுகிறது. பேஸிக் இருக்கிறது ஐயா, உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் பாடத்தின் எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தினம் ஐந்து போதும். இந்தப் பயிற்சியைக் கல்லூரியே பிரிட்ஜ் கோர்ஸாக நடத்த வேண்டும். துணைக் கலந்தாய்வில் (மீதி இடங்களுக்கான சேர்க்கைச் சுற்று) கடைசியாக வந்து சேருகிற பிள்ளைக்கு அதைத் தனியாக மறுபடியும் நடத்த வேண்டும்.

அட்டெண்டன்ஸையும் யாரும் எண்ணிக் காட்டுவதில்லை. 75 சதவீதம் வேண்டும். 90 வேலை நாளுக்கு 22 நாள்தான் விடுப்பு. தீபாவளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு, காய்ச்சலுக்கு ஒரு வாரம் என்று அது எப்படிப் போனதென்றே தெரியாது. 65க்கும் 75க்கும் நடுவே இருந்தால் மருத்துவச் சான்று காட்டிக் கேட்கலாம். அந்தச் சான்றைக் காய்ச்சல் விட்டு வந்த அன்றே கொடுங்கள், செமஸ்டர் முடிவுவரை வைத்திருக்காதீர்கள். 65க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு 'யு' வந்தால், கல்லூரி செய்ய வேண்டிய முதல் வேலை அப்பாவைக் கூப்பிடுவது இல்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கொடுப்பதே சில நாள்தான், நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். அந்தக் கடைசித் தேதியை அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள். பாட ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து நகலைத் திருத்திப் பார்க்கட்டும், மார்க் கூட வாய்ப்பு இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லட்டும். பெற்றோரிடம் புகார் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்.