லேசர் கருவி இரண்டாம் பட்சம்

வளரும் நாடுகளில் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுக்கு லேசர் கருவிகள் தந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போதாது. சிகிச்சைக் காலத்தில் 3-4 வாரத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துத்தான் விழித்திரையை முழுக்கப் பார்க்க முடியும். பச்சைக்குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் வேண்டும். கண்ணை எடுத்தால் பார்வை நரம்பையும் முடிந்தவரை நீளமாக, 15 மி.மீ. அளவுக்கு, சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டுமுனையில் புற்றுச்செல் உண்டா என்ற பரிசோதனை அறிக்கை வராமல் அடுத்து கீமோ தேவையா என்பதே தெரியாது. பரிசோதனைக்கென்று கண்ணுக்குள் ஊசி குத்திச் சதை எடுக்கவே கூடாது, புற்று வெளியே பரவும்.

காரைக்குடி, தேவகோட்டையில் இவ்வளவும் வேண்டாம், இந்தச் சிகிச்சைக்குப் போக மதுரை பக்கம்தான். தடுப்பூசி நாளில் இருட்டறையில் ஆப்தல்மாஸ்கோப் (கண்ணுக்குள் பார்க்கும் கருவி) வெளிச்சம் அடித்து, குழந்தையின் இரு கண்மணியும் ஒரேபோல் சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ (அதிர்ஷ்டம் என்பார்கள், நம்பாதீர்கள்) அந்த வாரமே மதுரைக்குக் கொண்டுபோங்கள்.