போலி ரசிகன் எழுதுவது

கத்தாரின் லுசைல் கால்பந்து அரங்கில் நான் எடுத்த படத்தின் கீழே நேற்று ஒரு நண்பர் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதைத் திரும்பச் சொல்லி இன்னொரு மேடை போட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. "போலி ரசிகர்" என்ற அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் பதில்.

2022 நவம்பரில், கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது, தோகாவின் கார்னிஷ் கடற்கரைச் சாலையில் கொடி பிடித்து, மேளம் அடித்துப் போனவர்களைப் பார்த்து ஐரோப்பியப் பத்திரிகைகள் சில கிளப்பிவிட்ட பேச்சு அது. அர்ஜென்டினா சட்டைக்குள் மலையாளி முகம் இருந்ததாம். ஆகவே கூலிக்கு வந்த ஆளாம். கோழிக்கோட்டுப் பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கு 30 அடி கட் அவுட் வைத்தார்களே, அதற்கு யார் கூலி கொடுத்தது? விமான டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுத்துக் கத்தார் அழைத்துவந்த ரசிகர்களும் இருந்தார்கள்தான். அந்தக் கூட்டத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் ஆட்களும் உண்டு. அவர்கள் மட்டும் விருந்தாளிகள்.

நான் போனது சொந்தக் காசில். அதற்காக வைப்பு நிதியில் கை வைத்தது என் மனைவிக்கு இந்தப் பதிவைப் படித்தால்தான் தெரியும்.

நவம்பர் 26, அர்ஜென்டினா–மெக்சிகோ. மெட்ரோவில் பக்கத்தில் நின்றவர் ராமநாதபுரத்துக்காரர். திரை கீறல் விட்ட போனில் டிக்கெட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். கத்தாரில் வசிப்பவர்களுக்கென்று இருந்த 40 ரியால் டிக்கெட். உள்ளே போனதும் எல்லோரும் மைதானத்தைப் பார்க்க, அவர் கூரையைப் பார்த்தார். "அண்ணே, அந்த மூலைக்குச் சாரம் கட்டியபோது கீழே வெறும் மண்தான். புல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். 64ஆம் நிமிடம் மெஸ்ஸி அடித்தபோது என் தோளில் அவர் போட்ட அடி இரண்டு நாள் வலித்தது. அன்று அரங்கில் 88,966 பேர். அதில் அந்த மனிதர் போலி என்கிறீர்களா?

"தொழிலாளர்கள் செத்த இடத்தில் போய்க் கொண்டாடுகிறாயே" என்று இன்னொருவர். நியாயமான கேள்வி. பெட்டியில் ஊர் திரும்பியவர்களின் வீடுகளை எங்களுக்கும் தெரியும். விடாமல் கேளுங்கள். ஆனால் அதே வாயால்தானே இதையும் சொன்னீர்கள்? செத்தால் அவன் தொழிலாளி, கண்ணீர் விடலாம். உயிரோடு சட்டை மாட்டிக்கொண்டு கத்தினால் போலி! அரங்குகளில் பீர் விற்பனையைத் தொடக்க நாளுக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டார்கள். குடிக்காமலே எங்களால் இப்படிக் கத்த முடிகிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லையோ என்னவோ.

"உன் நாட்டுக்குக் கைதட்டு" என்பவர்களுக்கு நேரம் செலவிடப் போவதில்லை. 1950இல் கிடைத்த வாய்ப்பை விட்டதோடு சரி, இந்தியா இன்றுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நம் ஊரில் இரவு பதினொன்றரைக்கு. தெருவுக்கே ஒரு டயனோரா டிவி பெட்டி. அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். அர்ஜென்டினாவின் புருச்சாகா மூன்றாவது கோலை அடித்தபோது அவர் குதித்த குதியில் என் தலை ஜன்னல் கம்பியில் மோதி வீங்கியது. அந்தச் சட்டையில் இருப்பது வான்நீலம் என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எங்கள் பெட்டியில் அது சாம்பலும் வெள்ளையும்.

அப்பா கடைசிவரை எந்த அரங்கத்துக்குள்ளும் உட்கார்ந்து ஒரு பெரிய ஆட்டம் பார்க்கவில்லை. லுசைலில் அந்தப் படத்தை எடுத்தபோது என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, கவனித்தீர்களா? ராமநாதபுரத்துக்காரர் தண்ணீர் வாங்கப் போயிருந்தார், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் நான் வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் கீழேதான் நீங்கள் வந்து சிரித்துவிட்டுப் போனீர்கள்.

நண்பரே, பத்து வருடமாக உங்கள் முகப்புப் படத்தில் இருப்பது ஓர் இங்கிலாந்து கிளப்பின் சின்னம். நீங்கள் பிறந்தது தாம்பரத்தில். முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வாருங்கள்.