எல்லா போர்டுலயும் பேட்டரிய பிடுங்கிடாதீங்க
கட்டுரைல பழைய ஆர்கேட் போர்டுல (காசு போட்டு ஆடுற வீடியோ கேம் மெஷினோட சர்க்யூட் போர்டு) பேட்டரி இருந்தா முதல்ல கழட்டி வீசிடுங்கன்னு பொத்தாம்பொதுவா போட்டிருக்கீங்க, நியோ ஜியோ எம்விஎஸ்ங்கற ஆர்கேட் போர்டுக்கு அது சரிதான், அந்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி செட்டிங்ஸ் ஞாபகம் வச்சுக்க மட்டும்தான், எடுத்தாலும் கேம் ஓடும். ஆனா அதையே கேப்காம் கம்பெனியோட சிபிஎஸ்2 ஆர்கேட் செட்ல கேம் இருக்குற பி போர்டுல பண்ணா கதை முடிஞ்சுது! அங்க கேமோட டிக்ரிப்ஷன் கீ (பூட்டி வச்ச கேம் கோட திறக்குற சாவி) பேட்டரிய நம்பி இருக்குற ரேம்ல இருக்கு, பேட்டரி போனா கீயும் போச்சு. அதான் சூசைட் பேட்டரின்னு பேரே வந்துச்சு. 2016ல கீய திருப்பி ஏத்துற வழிய கண்டுபிடிச்சுட்டாங்க, அதனால செத்த போர்ட குப்பைல போட்றாதீங்க. இப்பல்லாம் ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கீய ஊட்டுற குட்டி போர்டு இருக்கு, அத போட்டுட்டா பேட்டரியே வேணாம்.

இன்னொன்னு, எம்விஎஸ்ல நானும் அவசரப்பட்டு சிஆர்2032 காயின் செல் ஹோல்டர அப்படியே சால்டர் பண்ணேன்... போர்டு பழைய பேட்டரிய சார்ஜ் பண்ணும்ல, இந்த காயின் செல்ல சார்ஜ் பண்ணவே கூடாது, நல்லவேளை நண்பர் ஒருத்தர் பாத்துட்டு நிறுத்துனார். சார்ஜிங் லைன கட் பண்ணுங்க இல்ல கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுற டயோடு போடுங்க. பழைய பேட்டரி கசிஞ்சு போர்டு பச்சையா பூத்து கெடந்தா வினிகர் தொட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி நல்லா காய விடுங்க. பக்கத்துல இருக்குற டிராக் (போர்டுல ஓடுற செம்புக் கோடு) அரிச்சிருக்கான்னு மல்டிமீட்டர் வச்சு பாக்காம மட்டும் கரண்ட் குடுக்காதீங்க