விடியல் பயணம் எல்லா அரசுப் பேருந்துக்கும் அல்ல

தமிழ்நாட்டில் 2021-இலிருந்து பெண்களுக்கு எல்லா அரசுப் பேருந்திலும் இலவசம், காசு கேட்கும் நடத்துநர் ஏமாற்றுகிறார் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது சரியில்லைங்க. 2021 மே மாதம் அறிவித்த பெண்களுக்கான இந்த இலவசப் பயணத் திட்டம் (விடியல் பயணம்) சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். டீலக்ஸ், ஏசி, ஊர் விட்டு ஊர் போகும் வண்டிகள் அதில் வராது. (மலைப் பகுதிகளைப் பின்னால் தனியாகச் சேர்த்தார்கள்.)

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இலவச வண்டியின் முகப்பில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கும். அது போதாது என்றால், தமிழ்நாடு அரசு இணையதளத்தில் போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் திறந்து பாருங்கள்; எந்த வகைப் பேருந்து என்று அதிலேயே இருக்கிறது. வெளியூர் வண்டிக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். அதை அரசிடம் கேட்கணும், நடத்துநரிடம் இல்லை.