போர் என்றால் ஃபயர்பால் மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) செஷனில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். "அக்கா, இது போர், மெஸ் இல்லை" என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் தம்பி எழுதியதும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு ஸ்மைலிகளும். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இன்னொரு குரூப்பில் யாரோ என்னை "மெஸ் அக்கா" என்று கூப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கோட்டையை இரண்டாயிரம் பேர் சுற்றி வளைத்திருக்கிறார்கள். உள்ளே கோயிலில் ஆறு கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரிகள்) இருக்கிறார்கள், என்னையும் சேர்த்தால் ஏழு. சுவரில் ஏறி நின்று ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு மந்திரத்தைப் போடுவதற்கு முன்னால், அந்த இரண்டாயிரம் பேருக்கும் சோறு எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம் என்றேன். உள்ளே இருப்பவர்களுக்கு நாங்கள் ஏழு பேரும் சாப்பாடு போட முடியுமா என்று கணக்குப் பார்ப்போம் என்றேன். அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

மந்திரம் இருக்கும் உலகத்தில் போர் எப்படி மாறும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் வெடிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கருத்து நேர் எதிரானது. வெடிப்பு கடைசியில் வருகிற விஷயம். முதலில் மாறுவது சோறு. அப்புறம் தண்ணீர், நோய், தகவல். இவை மாறினாலே போரின் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

ஃபயர்பால் என்பது என்ன? ஒரு பீரங்கி. இதை நான் சும்மா சொல்லவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974இல். அதற்கு முன்பு 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் செயின்மெயில் என்று பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார்கள். அதன் பின்பகுதியில் மந்திரவாதி வருகிறார். அவர் எறியும் நெருப்புக் குண்டு எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல, கல்லெறியும் கவண்பொறியின் அளவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மின்னலுக்குப் பீரங்கியின் அளவு. ஆக, நாம் கைதட்டுகிற அந்த ஸ்பெல் (மந்திரம்) பிறந்ததே பீரங்கிக்கு மாற்றாகத்தான். பீரங்கி வந்தபோது போர் எப்படி மாறியது என்பது வரலாற்றில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 1453இல் கான்ஸ்டான்டிநோபிளின் சுவர்களை ஒட்டோமான் பீரங்கிகள் உடைத்தன. 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் போனார். அதற்குப் பிறகு உயரமான மெல்லிய மதில்கள் போய், தாழ்வான தடித்த மண்சுவர்களும் கூர்முனைக் கொத்தளங்களும் வந்தன. மந்திரம் இருக்கும் உலகத்திலும் வானளாவிய கோபுரக் கோட்டையைத்தான் வரைகிறோம். பறக்க வைக்கும் ஃப்ளை ஸ்பெல் இருக்கிற ஊரில் அந்த உயரம் யாரைத் தடுக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. சோற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பு.

சரி, ஃபயர்பாலையே எடுத்துக்கொள்வோம். 2014 பதிப்பின் விதி: 20 அடி ஆரம், எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28 சேதம். சாதாரணக் காவலனுக்கு 11 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. தப்பிக்க உருட்டும் சேவ் எடுத்துப் பாதிச் சேதம் வாங்கினாலும் செத்துவிடுவான். ஐந்து அடிக்கு ஒருவராக நெருக்கி நின்றால் சுமார் 50 பேர் காலி. பயங்கரமான ஆயுதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) அந்த ஸ்லாட், அதாவது ஒரு நாளில் அதைப் போடக்கூடிய வாய்ப்பு, இரண்டு, நடுவில் ஓய்வு எடுத்தால் மூன்று. மூன்றையும் போட்ட பிறகு மிச்சம் 1,850 பேர் நிற்கிறார்கள். முதல் குண்டு விழுந்ததுமே அவர்கள் சிதறி நிற்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்றால் இன்னும் அதிகம் பேர். அது மட்டுமா? ஃபயர்பால் போவது 150 அடி தூரம்தான். லாங்போ என்ற நீள வில்லின் அம்பு 600 அடி வரை போகும். குறி சரியாக விழாவிட்டாலும் ஒரே ஆளைப் பார்த்து நூறு பேர் எய்தால் என்ன ஆகும்? ஐந்தாம் லெவல் விசார்டின் ஹிட் பாயிண்ட் இருபதோ முப்பதோ. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் விசார்ட் சுவர் மேல் நின்று கையை விரித்தபோது எதிரியிடம் ஒரு வில்லாளி கூட இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது என் "மெஸ்" கணக்கைப் பாருங்கள். கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர், மூன்றாம் லெவல் ஸ்பெல். ஒரு தடவை போட்டால் 45 பவுண்டு உணவு, 30 கேலன் தண்ணீர், பதினைந்து பேருக்கு ஒரு நாள் ஓடும். ஐந்தாம் லெவல் கிளெரிக் ஒருவர் 30 பேரைத் தாங்குவார். ஏழு பேர் சேர்ந்தால் 210 பேர். கோட்டைக்குள் காவலர்கள் மொத்தம் இருநூறு பேர் என்று டிஎம்மே சொன்னார். முற்றுகையின் முதுகெலும்பே பசிதான். உள்ளே இருப்பவன் பட்டினி கிடந்து கதவைத் திறப்பான் என்பதற்காகத்தான் வெளியே இருப்பவன் மாதக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்திருக்கிறான். ஏழு கிளெரிக் இருந்தால் அந்தக் காத்திருப்புக்கே அர்த்தம் இல்லை. வெளியே இருக்கும் இரண்டாயிரம் பேருக்குத்தான் பசி, உள்ளே இருப்பவனுக்கு இல்லை. முற்றுகை தலைகீழாகிவிட்டது! இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு ஃபயர்பாலால் வருமா?

இன்னும் கீழே போகலாம். குட்பெர்ரி முதல் லெவல் ஸ்பெல். பத்து பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிடுக்கு முதல் லெவலில் இரண்டு ஸ்லாட், அதாவது இருபது பேர். ஐம்பது கற்றுக்குட்டி ட்ரூயிடுகள் ஆயிரம் பேர் கொண்ட படைக்குச் சோறு போட்டுவிடுவார்கள். மாட்டு வண்டி வேண்டாம், கிட்டங்கி வேண்டாம், வழியில் கிராமங்களைக் கொள்ளையடிக்கவும் வேண்டாம். அந்தப் படை பனிக்காலத்திலும் நகரும். பிளான்ட் க்ரோத் எட்டு மணி நேரம் போட்டால் அரை மைல் ஆரத்துக்கு, அதாவது சுமார் 500 ஏக்கருக்கு, அடுத்த ஒரு வருடம் விளைச்சல் இரட்டிப்பு. எந்த ராஜாவிடம் ட்ரூயிடுகள் அதிகமோ அவரிடம்தான் வீரர்களும் அதிகம் இருப்பார்கள். இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை. எல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய அதே புத்தகத்தில் இருக்கிறது, ஃபயர்பால் இருக்கும் அதே அத்தியாயத்தில்.

"மந்திரவாதிகள் அபூர்வம், ஊருக்கு ஒருவர்தான், அதனால் பெரிய மாற்றம் வராது" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். மரியாதையாக எழுதினார், அதற்கு நன்றி. அபூர்வம் என்றால் என் வாதம் இன்னும் வலுவாகிறதே. ஊருக்கு ஒரே ஒருவர் இருந்தால் அவரை அம்பு வரும் இடத்தில் நிறுத்துவீர்களா? செய்தி அனுப்பும் சென்டிங் ஸ்பெல் தெரிந்த ஒரே ஒருவர் தளபதியின் கூடாரத்தில் இருந்தால் போதும். இருபத்தைந்து சொல், எவ்வளவு தூரமானாலும் அந்த நொடியே போகும், பதிலும் வரும். 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரில் பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. செய்தி கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் 1815 ஜனவரி 8இல் நியூ ஆர்லியன்ஸில் சண்டை நடந்து அத்தனை பேர் செத்தார்கள். இருபத்தைந்து சொல் போதாதா அதை நிறுத்த?

"இது விளையாட்டு, ஜாலிக்கு ஆடுவது, எதற்கு இவ்வளவு சீரியஸ்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கு இதுதான் ஜாலி.

எங்கள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். இங்கே பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், ஸ்ரீநகர் - லே சாலையில் லாரி ஓட்டினார். பனி விழுந்து சோஜி லா கணவாய் மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதற்குமான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் மேலே ஏறியாக வேண்டும். விடிகாலையில் டீசல் உறைந்து கிடக்கும். இன்ஜினுக்கு அடியில் தகரத்தில் தீ மூட்டி, கை மரத்துப்போக உட்கார்ந்திருந்து, வண்டி உறுமும் வரை காத்திருப்பார்களாம். லீவில் ஊருக்கு வந்தால் தெருவில் எல்லோரும் ஒரே கேள்வி: "எத்தனை பேரைச் சுட்டீங்க?" அப்பா லாரி ஓட்டினேன் என்று சொல்வார். கேட்டவர் முகம் அப்படியே இறங்கும். "ஓ, டிரைவரா" என்பார்கள். என் சித்தப்பா கல்யாணத்தில் ஒருவர் அப்பாவுக்கு எதிரிலேயே "அப்ப உண்மையான மிலிட்டரி இல்லையா" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர்கள் ஒவ்வொருவரும் அப்பா கொண்டு போன அரிசியைத் தின்றுதான் பிடித்தார்கள்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர், 1780 செப்டம்பர். ஹைதர் அலியும் திப்புவும் பிரிட்டிஷ் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகளையும், வெடித்துச் சிதறிய வெடிமருந்து வண்டிகளையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே நேரத்தில் காஞ்சிபுரத்தில் பிரிட்டிஷ் தளபதி ஹெக்டர் மன்றோ தன் பெரிய படையோடு உட்கார்ந்திருந்தார். ஏன் முழுப் படையோடு போய்க் காப்பாற்றவில்லை? அவருடைய உணவு இருப்பு முழுவதும் காஞ்சிபுரத்தில் இருந்தது, அதை விட்டுவிட்டு நகரத் தயங்கினார். சுற்றுவட்டார ஊர்களை ஹைதரின் குதிரைப்படை ஏற்கெனவே எரித்திருந்தது, வேறு எங்கும் சோறு கிடைக்காது. பெய்லி அழிந்த செய்தி வந்ததும் மன்றோ கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு ஓடினார். அவரிடம் நான்கு கிளெரிக் இருந்திருந்தால் கூட போதாதுதான். ஆனால் ஐந்நூறு ட்ரூயிடுகள் இருந்திருந்தால் மைசூர்ப் போர்களின் வரலாறே வேறு.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குண்டுபட்டுச் செத்ததைவிடக் காலரா, வயிற்றுப்போக்கில் செத்ததுதான் பல மடங்கு. 1812இல் நெப்போலியனின் பெரும்படையை மாஸ்கோவுக்குப் போகும் வழியிலேயே டைஃபஸ் அரித்துவிட்டது. பியூரிஃபை ஃபுட் அண்ட் ட்ரிங்க் முதல் லெவல், சடங்காகச் செய்தால் ஸ்லாட் கூட செலவாகாது. தண்ணீர்ப் பீப்பாய் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து ஜெபிக்கும் ஒரு சின்னப் பூசாரி, எந்த விசார்டையும்விட அதிக உயிரைத் தீர்மானிப்பார். அவருக்கு நம் மேசையில் ஒரு பெயர் கூட வைக்க மாட்டோம்.

"அக்காவுக்குச் சண்டை போடப் பயம், அதனால்தான் பின்னால் நின்று சமைக்கிறார்" என்று எழுதியவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, என் கிளெரிக் எத்தனை முறை உன் கேரக்டரைச் சாவிலிருந்து எழுப்பியிருக்கிறாள் என்று உன் கேரக்டர் ஷீட்டைப் பார். அப்புறம் யோசி: அந்த உலகம் நிஜமாக இருந்தால் எதிரி முதலில் யாரைக் கொல்ல ஆள் அனுப்புவான்? ஃபயர்பால் போடுகிறவனைக் கொல்ல வில்லாளிகள் போதும். சோறு போடுகிறவளைக் கொல்ல ராத்திரியில் கத்தியோடு ஆள் வருவான். ஏனென்றால் அவளைப் போன்ற ஏழு பேரும் செத்தால் இருநூறு பேர் மூன்றாம் நாள் கதவைத் திறப்பார்கள். அந்த உலகத்தில் கோயில்களுக்குத்தான் முதல் காவல் இருக்கும். கிளெரிக்குகளைக் கடத்துவார்கள், ட்ரூயிடுகளைப் பிள்ளைகளாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைப்பார்கள். மிகக் கொடூரமான போராக இருக்கும் அது. அதை ஆடத்தான் எனக்கு ஆசை.

அடுத்த ஞாயிறும் வருவேன். எதிரி முகாமில் எத்தனை கிளெரிக், அவர்களுடைய தானியம் எங்கே, தண்ணீர் எந்த ஓடையிலிருந்து எடுக்கிறார்கள் என்று டிஎம்மிடம் கேட்பேன். பதில் வரும் வரை, சண்டையில் யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் உருட்ட மாட்டேன்.