சும்மாதான் என்று ஒரு பதில்

மாலை நேரத்தை நினைத்து ஏங்கி எழுதுகிற பதிவு ஒன்று மாதத்துக்கு ஒருமுறையாவது என் கண்ணில் பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடினோம், பம்பரம், கோலி, கிட்டிப்புள், பொழுது அடைகிற வரை தெருதான் வீடு, அம்மா கம்பை எடுத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே போவோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டியூஷனும் போனும்தான் கதி என்று போய் முடியும். கீழே வரிசையாக 'அது ஒரு காலம்' என்று எழுதியிருப்பார்கள். நானும் லைக் போட்டிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் அப்படி ஒன்றை என் அண்ணனே பகிர்ந்திருந்தான், 'நாம எல்லாரும் இப்படித்தானே வளர்ந்தோம்' என்று மேலே ஒரு வரியும் சேர்த்து. அங்கேதான் சுருக்கென்றது. நானும் அவனும் ஒரே வீடு, ஒரே தெரு, மூன்று வயது வித்தியாசம். அந்த 'நாம'வில் நான் எங்கே இருந்தேன்?

எங்கள் ஊர் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் ஹாக்கிக்கும் பேர் போன ஊர். கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. ஹாக்கி அதைவிடப் பழைய பைத்தியம். எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார், அப்போதும் என் அண்ணன் ஏதோ தானே போய் ஆடிவிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். அவன் ஹாக்கி மட்டையைத் தொட்டது மொத்தமாக எட்டு மாதம். ஆனால் மைதானத்துக்குப் போனது பத்து வருஷம். அதுதான் விஷயம். விளையாடத் தெரிய வேண்டியதில்லை, சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், ஒரு ரூபாய்க்குக் கடலை வாங்கி ஆறு பேர் தின்னலாம், இருட்டின பிறகு வரலாம். 'எங்கடா போயிட்டு வர்ற?' என்று அப்பா கேட்டால் 'சும்மாதான்ப்பா' என்பான். அந்தப் பதில் செல்லுபடி ஆகும். அதற்கு மேல் ஒரு கேள்வி வராது.

எனக்கு 4.20-க்கு மணி அடிக்கும், 4.45-க்கு வீட்டில் இருக்க வேண்டும். யூனிபார்மை மாற்று, காய்ந்த துணியை எடுத்து மடி, அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் ஏனம் கழுவி வை, ஆச்சிக்குக் காபி போட்டுக் கொடு, வாசல் தெளி, விளக்கு ஏற்று. தண்ணீர் வருகிற நாளாக இருந்தால் அத்தனையும் தலைகீழ். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எங்கள் தெருவுக்கு வருவதற்கு அப்போதெல்லாம் ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும், எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே குழாயடியில் யாராவது ஒருத்தர் காவல் இருக்க வேண்டும், அந்த ஒருத்தர் நான்தான் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அண்ணனை யாரும் போகச் சொன்னதில்லை. அவனும் கெட்டவன் இல்லை, கடைசி நாலு குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு 'நானும்தானே செஞ்சேன்' என்பான். இன்றைக்கும் அவன் நினைவில் தண்ணீர் நாள் என்றால் அந்த நாலு குடம்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் அம்மாவிடம் புலம்பிவிட்டுப் போயிருப்பேன். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது, 6 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் ஒரு நாளில் என்னென்ன செய்தாய் என்று கேட்டு எழுதியது. சம்பளமில்லாத வீட்டு வேலையைச் செய்தவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் 100 ஆண்களில் 26 பேர்தான் அன்றைக்கு அந்த வேலைப் பக்கமே வந்திருக்கிறார்கள், பெண்களில் 81 பேர். அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு அண்ணனுடைய நாலு குடம்தான் ஞாபகம் வந்தது. மைதானத்துச் சுவரில் உட்கார்ந்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சரி, தோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை செய்தது பெரிய குறை இல்லை, எல்லார் வீட்டிலும் உண்டு. நான் இழந்ததாக நினைப்பது தோழிகளைத்தான்.

எங்கள் செட்டில் நாலு பேர். மாவு மில் வீட்டுக்காரி, கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாத்தியார் மகள், நான். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் என்று தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் விரித்த திட்டம். பெண் பிள்ளைகள் இடையில் நின்றுவிடாமல் படிக்கட்டும் என்பதற்காகக் கொடுத்தது, படித்தோம், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அது கொடுத்த முதல் சொத்து இருபது நிமிஷம். நடந்தால் ஆகிற நேரமும் சைக்கிளில் ஆகிற நேரமும் வீட்டுக்குத் தெரியாதல்லவா. அந்த வித்தியாசத்தை எட்டயபுரம் ரோட்டு ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் செலவழித்தோம். அது தீர்ந்ததும் செயின் கழன்றது. அதுவும் தீர்ந்ததும் பஞ்சர். ஒரு மாதத்தில் நாலு பஞ்சர் என்று சொன்ன பிறகு அப்பா டியூபை மாற்றிக் கொண்டுவந்து, அவரே காற்றும் அடித்துக் கொடுத்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பாசத்தைப் பார்த்து அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மரத்தடியும் நிலைக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த மாமா ஒருவர் அந்த வழியாகப் போய்விட்டு, 'உங்க பிள்ளைய ரோட்டுல நிக்கப் பார்த்தேன்' என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டார். யாரோடு நின்றாள், என்ன செய்தாள் என்றெல்லாம் இல்லை, நின்றாள், அவ்வளவுதான் குற்றச்சாட்டு. அம்மா அன்றைக்கு என்னை அடிக்கவில்லை, 'ரோட்டுல என்னட்டி நிப்பு?' என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சும்மாதான் நின்றோம். கழுகுமலைக்காரி எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் மாதிரி பேசிக் காட்டுவாள், சிரிப்போம், ஆளுக்குப் பாதி சேமியா ஐஸ். இதை எப்படி ஒரு காரணமாகச் சொல்வது?

அதனால்தான் டியூஷனைத் திட்டுகிற பதிவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் 1200 மார்க் காலத்துப் பிள்ளைகள். கட் ஆஃப் என்ற ஒரே மந்திரத்தைச் சொன்னால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். பிசிக்ஸ் சார் வீட்டு மொட்டை மாடியில் ஆறு மணிக்கு டியூஷன், வீட்டில் சொன்னது ஏழரை வரை, சார் முடிப்பது ஏழேகாலுக்கு. நடுவில் உள்ள அந்தக் கால் மணி நேரத்தில் நான் வாழ்ந்திருக்கிறேன். மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு வாத்தியார் மகள் தன் வீட்டில் நடக்கிற சண்டையைச் சொன்னாள், ஒரு வருஷம் முழுக்க, தவணை தவணையாக, கால் மணி நேரத்துக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல முடியாது, வீட்டில் இருந்தால் சொல்லவே முடியாது. பையன்கள் டியூஷனைக் கட் அடித்துவிட்டு மைதானத்துக்குப் போவார்கள். நாங்கள் காய்ச்சலோடும் டியூஷனுக்குப் போனோம். என்ன ஒரு பொறுப்பான பிள்ளைகள் என்று சார் எங்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார், பாவம். எனக்கு பிசிக்ஸில் 200-க்கு 128.

டியூஷன் நல்லது என்று சொல்ல வரவில்லை, காசுக்குப் பிடித்த கேடு, அது வேறு பஞ்சாயத்து. 'இந்தக் காலப் பிள்ளைகளின் மாலை பறிபோய்விட்டது' என்று எழுதும்போது, பறிபோவதற்கு முதலில் யாரிடம் இருந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார், அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, தெருமுனையில் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திக்கொண்டு ஏழரை மணிக்கு எனக்காகக் காத்து நின்ற மனுஷன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஏழு மணித் தெருவில் ஏன் பயமாக இருக்கிறது? ஒரு பெண் பிள்ளைகூட இல்லாததால்தான் பயமாக இருக்கிறது. பெட்டிக்கடை வாசலில் பத்துப் பையன்கள் நிற்கிற மாதிரி பத்துப் பெண்கள் நின்றால் அந்தப் பக்கம் ஒருத்தன் வம்பு பேசுவானா? ஒவ்வொரு அப்பாவும் தன் மகளை மட்டும் காப்பாற்றத் தெருவிலிருந்து எடுத்துவிட்டார், மிச்சமிருக்கிற ஒருத்தி தனியாக நடக்கிறாள்.

இன்னொரு பதிலும் வரும், இப்போதுதான் பெண் பிள்ளைகளும் ஹாக்கி ஆடுகிறார்களே, கராத்தே போகிறார்களே என்று. ஆடட்டும், சந்தோஷம்தான். ஆனால் அதற்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது பாருங்கள். மெடல், சர்டிபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டா. வெட்டியாகச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்பதற்கு அனுமதி எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் போன தடவை ஊருக்குப் போனபோது சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, 'எனக்கு அந்தக் கவலையே இல்லட்டி' என்றாள். அம்மாவின் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதன் பிறகு தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் பேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான்). விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும், தூக்குச் சட்டியோடு ஏறினால் இருட்டித்தான் இறங்குவாள். கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல், அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். அந்த வேலையைப் பற்றி இனிப்பாக எழுத என்னால் முடியாது, இன்றைக்கும் அவள் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் இன்றைக்கும் அவளுக்குத் தோழிகள். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு நடு ராத்திரி வரை புருஷன்மாரைத் திட்டுகிறார்கள், சிரிப்புச் சத்தம் தாங்காமல் அப்பா எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். கை வேலை பார்த்துக்கொண்டிருக்கும் வரை வாய்க்கு யாரும் காவல் போடவில்லை அவர்களுக்கு.

எனக்கு 26 வயது. டிகிரி இருக்கிறது, சென்னையில் வேலை இருக்கிறது. மாவு மில் வீட்டுக்காரியைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறது, கழுகுமலைக்காரி எங்கே என்றே தெரியவில்லை, வாத்தியார் மகளுடைய ஸ்டேட்டஸை தினமும் பார்க்கிறேன், பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சண்டைக் கதை கடைசியில் என்ன ஆனது என்று எனக்கு இன்னும் தெரியாது. அண்ணனுடைய மைதானத்துச் சுவர் கோஷ்டி அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது.

2016-இல் அந்தக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று. நல்லது. அதிலேயே ஒரு விலக்கு, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் வீட்டுக்கும் வீட்டுத் தொழிலுக்கும் பிள்ளைகள் உதவலாம். எழுதும்போது நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். பள்ளி நேரம் போக மீதி என்பது எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை.

சித்தி மகள் இப்போது பிளஸ் ஒன். 'எந்நேரமும் போன்தான், மாடியிலயே கிடக்கா' என்று சித்திக்குக் குறை. எனக்கு அவள் மாடியில் என்ன செய்கிறாள் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது, மறுமுனையில் ஒருத்தி, ஹெட்போன், குசுகுசு, அதே கால் மணி நேரம்தான். போனவாரம் ஊரில் இருந்தபோது ஆறரை மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுடைய சிநேகிதி வீட்டுக்குப் போய் அவளையும் கேட்டு வாங்கிக்கொண்டு (அவள் அம்மாவிடம் ஜெராக்ஸ் எடுக்க என்று சொன்னேன், பழக்கம் விடவில்லை), மூன்று பேருமாக மெயின் ரோட்டில் கடலை மிட்டாய் வாங்கிக் கடை ஓரத்திலேயே நின்று தின்றோம். முதல் ஐந்து நிமிஷம் இரண்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் யாரோ ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேச்சு வந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏழேகாலுக்கு சித்தி போன் அடித்தாள். 'எங்கட்டி இருக்கீங்க?'

'மெயின் ரோட்டுல நிக்கோம் சித்தி.'

'என்ன வாங்க?'

'ஒண்ணும் வாங்கல. சும்மாதான் நிக்கோம்.'

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, 'சும்மான்னா?' என்றாள்.